நெல் வாய்விடும் பதம்

1861 ஜூன் மாதம். ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில், கூப்பர் ஓடை என்ற ஆற்றின் கரையில், இரண்டு பேர் வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டே செத்துக்கொண்டிருந்தார்கள். ராபர்ட் ஒஹாரா பர்க், வில்லியம் ஜான் வில்ஸ். கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடப்பதற்காக, முந்தைய ஆண்டு ஆகஸ்டில் ஒட்டகங்களும் வண்டிகளுமாக மெல்போர்னிலிருந்து கிளம்பிய பயணத்தின் தலைவர்கள் அவர்கள். வடக்குக் கடலோரத்தை நெருங்கிவிட்டுத் திரும்பி, கூப்பர் ஓடையில் விட்டுச்சென்ற முகாமுக்கு ஏப்ரல் 21 மாலை வந்து சேர்ந்தார்கள். நான்கு மாதம் காத்திருந்த ஆட்கள் அன்று காலையில்தான் முகாமைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். புதைத்துவைத்துவிட்டுப் போன உணவும் சில வாரங்களில் கரைந்தது. பிறகு அவர்களைத் தாங்கியது நார்டூ என்ற செடி. நம் வயல் வரப்போரம் நான்கு இலைகளாய் விரிந்து நிற்கும் ஆரைக்கீரைக்கு அது நெருங்கிய உறவு. அதன் அடியில் விளையும் கடினமான வித்துக்கூடுகளைப் பொறுக்கி, கல்லில் அரைத்து மாவாக்கித் தின்றார்கள். பசி எடுக்கிறது, சாப்பாடு இறங்குகிறது, ஆனாலும் கால்கள் தளர்கின்றன, நாடி இறங்குகிறது என்று வில்ஸ் தன் நாட்குறிப்பில் பதிந்துகொண்டே வந்தார். அந்த மாத இறுதியில் இருவரும் இறந்தார்கள்.

அதே கரையில் யாண்ட்ருவாந்தா மக்கள் தலைமுறை தலைமுறையாக நார்டூவைத் தின்று நலமாக வாழ்ந்துவந்தார்கள். பயணிகளுக்கு மீனும் நார்டூ அப்பமும் கொடுத்தவர்களும் அவர்களே. நார்டூ தின்னத்தக்கது என்ற செய்தியும் அவர்கள் வழியாகவே பயணிகளுக்கு எட்டியது. எட்டாமல் போனது, அதைத் தின்னும் விதம். அந்த மக்கள் வித்துக்கூட்டை முதலில் நெருப்பில் வறுத்தார்கள். அரைக்கும்போது கல்லில் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கூழாக வழித்தார்கள். அந்தக் கூழைச் சிப்பி ஓட்டால் அள்ளிக் குடித்தார்கள். நார்டூவில் தயமினேஸ் என்ற நொதி ஏராளமாக இருக்கிறது. தயமின் எனப்படும் வைட்டமின் பி1-ஐ அது சிதைத்துவிடும். வறுக்கும் சூடும் அரைக்கும்போது சேரும் நீரும் அந்த நொதியின் வலுவைக் குறைக்கும். பர்க்கும் வில்ஸும் பச்சையாக அரைத்த மாவை உண்டதால், உண்ண உண்ண உடலின் தயமின் தீர்ந்து பெரிபெரி நோய்க்கு ஆளானார்கள் என்று 1994-இல் நேச்சர் இதழில் ஒரு விளக்கம் வெளியானது. பட்டினியும் குளிரும் இதர சத்துக் குறைவும் அந்தச் சாவில் பங்குகொண்டிருக்கும், மறுப்பதற்கில்லை. இருந்தும், அருகிலேயே அமர்ந்து ஒரு வாரம் கவனித்திருந்தால் கைக்கு வந்திருக்கக்கூடிய மூன்று சிறு செய்கைகள் கைக்கு வராமல் போனது மிகப் பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன். பர்க் அந்த மக்களை அண்டவிட விரும்பவில்லை. ஒருமுறை அவர்களை விரட்டத் துப்பாக்கியும் வெடித்தது.

இந்த அத்தியாயத்தின் வாதத்தை இங்கேயே சொல்லிவிடலாம். ஒரு மனிதரைத் தாங்கி நிற்கும் அறிவில் பெரும்பகுதி, பிறர் செய்வதைப் பார்த்துக் கைக்கொண்ட சின்னஞ்சிறு பாடங்களால் ஆனது. அவற்றுள் பலவற்றின் உண்மையான காரணம் கற்றவருக்கும் தெரியாது, கற்றுக்கொடுத்தவருக்கும் தெரியாது. காரணம் தெரியாமல் ஒன்றை அப்படியே செய்வதை மூடத்தனம் என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். மனித இனத்தின் தனித்திறமைகளில் அதுவும் ஒன்று என்பதற்கு வலுவான சான்றுகள் இருக்கின்றன.

அதே தயமின், அதே பெரிபெரி, ஆனால் தமிழர்களின் அடுப்பிலிருந்து ஒரு சான்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் பெரிபெரி ஆயிரக்கணக்கானோரை முடக்கியது. கால் வீங்கும், மரத்துப்போகும், கடைசியில் இதயம் நின்றுவிடும். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் ஒரு வேறுபாட்டைக் கண்டார். சீனத் தொழிலாளர்களிடையே நோய் தாண்டவமாடியது. தமிழ்த் தொழிலாளர்களை அது பெரும்பாலும் தொடவில்லை. ஒரே வெயில், ஒரே மழை, ஒரே மாதிரியான லயங்கள். சோறு மட்டும் வேறு. சீனர்கள் ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி உண்டார்கள், தமிழர்கள் புழுங்கலரிசி. 1907-இல் பிராடன் இதை நூலாக எழுதினார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இரு மருத்துவர்கள் அதே நெகிரி செம்பிலானில் ஜாவாவிலிருந்து வந்த ஏறத்தாழ 300 தொழிலாளர்களை இரு குழுக்களாக்கிச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு வெள்ளையரிசி, மற்றதற்குப் புழுங்கலரிசி. வெள்ளையரிசிக் குழுவில் நோய் கண்டது. உணவை மாற்றிக் கொடுத்ததும் நோயும் குழு மாறியது.

நெல் அவிக்கும் வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். நெல்லைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். ஊறிய நெல்லை அண்டாவில் கொட்டி, அடியில் அளவாக நீர் விட்டு, சாக்கால் மூடி எரிக்க வேண்டும். ஆவி மேலே வந்ததும் கைவிட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தால், உமி லேசாகப் பிளந்து அரிசி உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கும். நெல் வாய்விட்டது என்பார்கள். அந்தப் பதத்தில் இறக்கி, களத்தில் பரப்பி, காலால் கிளறிக் கிளறி உலர்த்த வேண்டும். பதம் முந்தினால் வேகாது, பிந்தினால் குழைந்துவிடும். இதற்குக் கடிகாரக் கணக்கு எதுவும் இல்லை. மகள் அம்மாவின் அருகில் நின்று, அம்மா அள்ளிய பிடியைப் பார்த்து, அடுத்த முறை தானே அள்ளிப் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஏன் அவிக்கிறீர்கள் என்று கேட்டிருந்தால், குத்தும்போது அரிசி நொறுங்காது, குருணை குறையும், சோறு பசி தாங்கும் என்று பதில் வந்திருக்கும். முதல் காரணம் முற்றிலும் சரி; அவித்த அரிசியின் மணி இறுகுவதால் அது உடைவது குறைகிறது. ஆனால் உயிரைக் காத்த காரணம் அந்தப் பதிலில் இல்லை. தயமின் தவிட்டிலும் முளைப்பகுதியிலும் இருப்பது, நீரில் கரைவது. ஊறலிலும் ஆவியிலும் அது கரைந்து அரிசிமணிக்குள் இறங்கிவிடுகிறது, பிறகு தவிட்டைத் தீட்டி எடுத்தாலும் ஒரு பகுதி உள்ளேயே தங்குகிறது. தயமினைப் படிகமாகப் பிரித்தெடுத்தது 1926-இல், ஜாவாவில், அரிசித் தவிட்டிலிருந்து. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அண்டாவை அடுப்பில் ஏற்றிய பெண்கள் தங்கள் வீட்டார் நரம்புகளைக் காத்துக்கொண்டிருந்தார்கள். அதை அவர்களுக்குச் சொல்லக்கூடியவர் உலகில் ஒருவரும் இருந்ததில்லை.

காரணம் தெரியாவிட்டால் என்ன, செய்து பார்த்து, தவறித் தவறித் தானே கண்டுபிடித்துவிட முடியாதா என்ற கேள்வி எழும். பல விஷயங்களில் முடியும். சூடான சட்டியைத் தொடக்கூடாது என்பதை ஒருமுறை தொட்டாலே போதும், உலகம் உடனே பதில் சொல்லிவிடுகிறது. உலகம் தாமதமாகப் பதில் சொல்லும் விஷயங்களில்தான் தனிமனித அனுபவம் தோற்றுப்போகிறது. கசப்பு மரவள்ளிக் கிழங்கை எடுத்துக்கொள்வோம். அதில் உடலுக்குள் சயனைடாக மாறும் வேதிப்பொருள் இருக்கிறது. அதை உண்டு வாழும் ஆப்பிரிக்க, அமேசான் சமூகங்கள் துருவுதல், ஊறவைத்தல், புளிக்கவிடுதல், பிழிதல், வெயிலில் காயவைத்தல் என்று நாள்கணக்கில் அதனோடு மல்லுக்கட்டுகின்றன. கசப்பு நீங்க இத்தனை நாள் தேவையில்லை, குறைந்த வேலையிலேயே போய்விடும். மிச்சமிருக்கும் நஞ்சு அன்றே கொல்வதில்லை. வாரக்கணக்கில் சேர்ந்துதான் காட்டிக்கொடுக்கும். 1981-இல் மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில் கடும் வறட்சி. வேறு பயிரில்லாமல் பசித்த மக்கள் கிழங்கைக் காயவைக்கும் நாள்களைக் குறைக்க நேர்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு, பெரும்பாலும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், இரு கால்களும் விறைத்து நிரந்தரமாக முடங்கின. கொன்சோ என்று அந்த நோய்க்குப் பெயர். அங்கே படிகளைக் குறைத்தது அறியாமை அல்ல, பசி. ஆனாலும் அந்தத் துயரம் ஒன்றைக் காட்டுகிறது: தேவையற்றதாகத் தோன்றும் ஒரு படியை விட்டுப் பார்த்து, விளைவைக் கண்டு, திருத்திக்கொள்வதற்குள் காலம் கடந்துவிடும். இத்தகைய இடங்களில் முன்னவர் செய்ததைப் படி குறைக்காமல் செய்பவரே பிழைக்கிறார்.

இந்தப் படி குறைக்காத குணம் நமக்கு எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதை ஒரு பெட்டியை வைத்து அளந்திருக்கிறார்கள். 2005-இல் விக்டோரியா ஹார்னர், ஆண்ட்ரூ ஒயிட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை அது. உகாண்டாவில், விக்டோரியா ஏரியில் உள்ள ங்கம்பா தீவுக் காப்பகத்தின் இளம் சிம்பன்சிகள் ஒருபுறம். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் மறுபுறம். ஆய்வாளர் பெட்டியின் மேல் தாழை நீக்கி, மேல் துளையில் குச்சியைவிட்டுக் குத்துவார். பிறகு முன்புறக் கதவைத் திறந்து, குச்சியால் உள்ளேயிருக்கும் பரிசை எடுப்பார். பெட்டி கறுப்பாக இருந்தபோது சிம்பன்சிகளும் எல்லாவற்றையும் அப்படியே செய்தன. அதே பெட்டியைக் கண்ணாடிபோல ஊடுதெரியும் பொருளில் செய்துகொடுத்ததும், மேல் துளைக்கும் பரிசுக்கும் நடுவே ஒரு தடுப்பு இருப்பதும், மேலே குத்துவது வெறும் வேலை என்பதும் கண்ணுக்குத் தெரிந்தன. சிம்பன்சிகள் பெரும்பாலும் அதை விட்டுவிட்டு நேராகப் பரிசுக்குப் போயின. குழந்தைகளோ மேலே குத்திவிட்டுத்தான் கீழே வந்தார்கள். வேறொரு ஆய்வில், வேண்டாத செய்கைகளைச் செய்யாதே என்று முன்கூட்டியே எச்சரித்தும் குழந்தைகள் அவற்றைச் செய்தார்கள். வளர்ந்தால் போய்விடும் என்று எண்ணத் தோன்றும். பெரியவர்களை வைத்துச் சோதித்தபோது அவர்கள் குழந்தைகளைவிடத் துல்லியமாக அந்த வீண்வேலையையும் சேர்த்தே செய்தார்கள்.

முதல் பார்வையில் சிம்பன்சிதான் புத்திசாலி. ஆனால் கண்ணாடிப் பெட்டிகளால் ஆனதல்ல மனித வாழ்க்கை. நெல் அவிக்கும் அண்டாவும் நார்டூ அரைக்கும் கல்லும் மரவள்ளி ஊறும் பானையும் கறுப்புப் பெட்டிகள்; உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. அங்கே வீண் என்று தோன்றும் படியை வெட்டிவிடும் புத்தி, தயமினையும் சேர்த்து வெட்டிவிடும். இதை வைத்துக் குழந்தை கண்மூடித்தனமாகச் செய்கிறது என்று சொல்லிவிடவும் முடியாது. 2002-இல் ஹங்கேரிய உளவியலாளர் கெர்கெயும் அவருடைய சகாக்களும் 14 மாதக் குழந்தைகளிடம் செய்த சோதனை அழகானது. மேசையில் ஒரு விளக்கு. ஒரு பெண் குனிந்து, நெற்றியால் தொட்டு அதை எரியவைக்கிறார். ஒரு குழுவுக்குக் காட்டும்போது குளிர்கிறது என்று போர்வையைப் போர்த்திக்கொண்டு, இரு கைகளாலும் அதைப் பிடித்திருக்கிறார். இன்னொரு குழுவுக்குக் காட்டும்போது அவர் கைகள் சும்மா மேசைமேல் இருக்கின்றன. ஒரு வாரம் கழித்து விளக்கைக் கொடுத்தபோது, கைகள் சும்மா இருந்ததைப் பார்த்த குழந்தைகளில் 69 விழுக்காட்டினர் நெற்றியைப் பயன்படுத்தினார்கள். போர்வையைப் பிடித்திருந்ததைப் பார்த்தவர்களில் 21 விழுக்காட்டினரே அப்படிச் செய்தார்கள். கை சும்மா இருந்தும் நெற்றியால் தொடுகிறார் என்றால் அதில் ஏதோ இருக்க வேண்டும். கை ஒழிவில்லாததால் தொட்டார் என்றால் என் கை ஒழிவாகத்தானே இருக்கிறது. பேச்சு வராத குழந்தை இப்படி எடைபோடுகிறது என்பதே அந்த ஆய்வாளர்களின் விளக்கம். பெரியவரை நம்புவதும் ஒரு கணக்கின் பேரில்தான் நடக்கிறது.

இதுவரை சொன்னவற்றுக்கு எதிராகக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. நல்லதை இறக்கும் அதே வழியில்தானே கெட்டதும் இறங்கும்? ஆம், இறங்கும். ஆல்பர்ட் பண்டூரா 1961-இல் ஸ்டான்ஃபோர்டின் மழலையர் பள்ளியில் 72 குழந்தைகளைக் கொண்டு அதைக் காட்டினார். காற்றடைத்த பொம்மை ஒன்றைப் பெரியவர் ஒருவர் சுத்தியலால் அடிப்பதையும் உதைப்பதையும் பார்த்த குழந்தைகள், பிறகு அதே அடியை, அதே சொற்களோடு, அந்தப் பொம்மைக்குக் கொடுத்தார்கள். அடிப்பதற்கென்றே செய்த பொம்மையை அடித்தது வன்முறை ஆகுமா என்று விமர்சனம் எழுந்தது. அது நியாயமான விமர்சனம். 1965-இல் அவர் செய்த அடுத்த ஆய்வு என்னை இன்னும் அதிகம் கவலைப்படுத்துகிறது. அடித்த பெரியவர் தண்டிக்கப்படுவதைப் படத்தில் பார்த்த குழந்தைகள் அடிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். பாடம் மனதில் இறங்கவில்லை என்று நாம் நிம்மதி அடைந்திருப்போம். ஆனால், பார்த்ததைச் செய்துகாட்டினால் பரிசு என்றதும் அவர்களும் மற்றவர்களுக்கு இணையாக எல்லாவற்றையும் செய்துகாட்டினார்கள். பாடம் இறங்கித்தான் இருந்தது. வெளியே வராமல் அடங்கியிருந்தது. ஒரு வீட்டில் கோபம் எப்படி வெளிப்படுகிறது, வேலைக்கு வருபவரிடம் என்ன குரலில் பேசுகிறார்கள், யாருக்குத் தனி டம்ளர் வைக்கிறார்கள் என்பதெல்லாம் இப்படித்தான் குழந்தைக்குள் போய் அமர்கின்றன. சாதி ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுவதில்லை, பார்த்துப் பழகப்படுகிறது. ஆகவே பழையது என்பதாலேயே ஒரு வழக்கம் காப்பாற்றத்தக்கது என்று இந்த வாதத்திலிருந்து யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. பெரிபெரியைப் பரப்பிய வெள்ளையரிசியும் ஓரளவு பார்த்துப் பழகியே பரவியது. நீராவி ஆலைகள் வந்து தீட்டிய அரிசி மலிந்தபோது, வெள்ளைச் சோறு வசதியின் அடையாளமானது, வசதி உள்ளவர் உண்பதை மற்றவரும் உண்ண விரும்பினார்கள். கோளாறு எங்கே இருந்தது என்றால், புதிய பழக்கத்தின் விலை மாதக்கணக்கில் மறைந்திருந்ததில். அதைக் கண்டுபிடிக்க பிராடன்களும் ஃபிரேசர்களும் தேவைப்பட்டார்கள். பார்த்துப் பழகுவதைத் திருத்தும் வேலையை அறிவியல்தான் செய்ய முடியும். ஆனால் திருத்துவதற்கு முதலில் ஒரு பழக்கம் கைவசம் இருக்க வேண்டும்.

எல்லோரும் பிறரைப் பார்த்தே செய்தால் புதிது எங்கிருந்து வரும் என்பது அடுத்த ஆட்சேபம். இதற்குக் கணினியில் ஒரு போட்டியே நடந்தது, முடிவு 2010-இல் சயன்ஸ் இதழில் வந்தது. கற்பனை உலகம் ஒன்றில், தானே முயன்று புதிதாகக் கற்பது, பிறரைப் பார்த்துக் கற்பது, கற்றதைச் செய்து பயனடைவது ஆகிய மூன்றையும் எந்த விகிதத்தில் கலந்தால் பிழைக்கலாம் என்று உத்திகளை வரவேற்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட உத்திகள் வந்தன. வென்ற உத்தி, கற்க வேண்டிய நேரத்திலெல்லாம் ஏறத்தாழ முழுவதும் பிறரையே பார்த்தது. காரணம் எளிமையானது. ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்தவற்றில் நல்ல பலன் தருவதையே அன்றாடம் செய்துகொண்டிருக்கிறார். எனவே யாரையோ எதேச்சையாகப் பார்த்தாலும், பல தவறுகளைத் தாண்டி வடிகட்டி வந்த ஒன்றையே பார்க்கிறோம். பார்த்துச் செய்யும்போது நேரும் பிசகுகளே புதியவற்றையும் உள்ளே கொண்டுவந்தன. வென்ற உத்தியிடம் இன்னொரு குணமும் இருந்தது: பழைய தகவலின் மதிப்பைக் காலம் ஆக ஆகக் குறைத்துக்கொண்டே வந்தது. உலகம் மாறியிருக்கலாம் என்ற ஐயம் அதற்கு இருந்தது. கணினி உலகத்தை மனித வாழ்க்கையின் மீது அப்படியே பொருத்திவிட முடியாது என்றாலும், பார்த்துக் கற்பது சோம்பேறியின் வழி என்ற எண்ணத்தை அது தகர்க்கிறது.

இவ்வளவு இருந்தும், நம்மை ஆக்கியவை எவை என்று கேட்டால் யாரும் இந்தச் சிறு பாடங்களைச் சொல்வதில்லை. பட்டப்படிப்பைச் சொல்கிறோம், ஒரு புத்தகத்தைச் சொல்கிறோம், ஓர் ஆசிரியரின் பெயரைச் சொல்கிறோம். நன்றிகெட்டதனம் இதற்குக் காரணமில்லை என்பதை மூளை ஆய்வு சொல்கிறது. ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு 1953-இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை நடந்தது. ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பெரும்பாகம் இருபுறமும் நீக்கப்பட்டதால், அதன்பின் நடந்த எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் அவரிடம் ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, தன் கையைக் கண்ணாடியில் மட்டும் பார்த்தபடி, அதன் ஓரக்கோட்டுக்குள் பென்சிலை ஓட்டச் சொன்னார். கண்ணாடியில் எல்லாம் தலைகீழ். யாருக்கும் முதலில் கை கோணும். மூன்று நாள் பயிற்சியில் மொலைசனின் கை தெளிந்து வந்தது. ஒவ்வொரு நாளும் அவர் அந்தத் தாளை இப்போதுதான் முதல்முறை பார்ப்பதாகவே எண்ணினார். கை கற்பதும், கற்ற நிகழ்ச்சியை மனம் நினைவில் வைப்பதும் மூளையில் வெவ்வேறு இடத்து வேலைகள் என்பதை உலகம் அறிந்தது அப்படித்தான். சேதமடையாத மூளைக்கும் அந்தப் பிரிவினை பொருந்தும். செருப்பின் வாரை மாட்டுவதும், வெங்காயத்தை அடிப்பாகம் விட்டு நறுக்குவதும், வண்டி வரும் சாலையில் எந்தக் கணத்தில் காலை எடுத்துவைக்கலாம் என்பதும், துக்க வீட்டில் எவ்வளவு நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதும் நமக்குத் தெரிகிறது. எந்த நாளில், யாரைப் பார்த்து என்பது தெரிவதில்லை. பாடம் கைக்குள் இறங்கும்போதே அதன் முகவரி கழன்றுவிடுகிறது. நாமே கண்டுபிடித்ததாக நமக்குத் தோன்றுவதும் அதனால்தான்.

கூப்பர் ஓடையில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார். ஜான் கிங், வயது இருபதைச் சற்றே தாண்டியவர். தலைவர்கள் இறந்தபின் தனியாக நின்ற அவர் யாண்ட்ருவாந்தா மக்களைத் தேடிப் போய், அவர்களோடு ஒட்டிக்கொண்டார். துப்பாக்கியால் காக்கைகளைச் சுட்டு அவர்களுக்குக் கொடுத்தார். கையில் புண்ணோடு தவித்த ஒரு பெண்ணுக்குத் தண்ணீரைச் சுடவைத்துப் புண்ணைக் கழுவிவிட்டார். அதன்பின் அவர்கள் அவருக்கு நார்டூவும் மீனும் கொடுத்தார்கள், படுக்க இடம் ஒதுக்கினார்கள், இடம் பெயரும்போது கூட்டிக்கொண்டு போனார்கள். தோழர்களைத் தளரவைத்த அதே வித்துக்கூட்டை அவர் உண்டார்; இப்போது அது அந்தப் பெண்களின் கையால் ஆனது. 1861 செப்டம்பர் 15 அன்று தேடிவந்த குழு அவரைக் கண்டபோது எலும்பும் தோலுமாக, பேசத் தடுமாறியபடி, ஆனால் உயிரோடு இருந்தார். மெல்போர்ன் திரும்பினார். 1872-இல் இறந்தார். தயமின் ஒரு வேதியியலாளரின் கைக்குப் படிகமாகக் கிடைக்க அதற்குப் பிறகும் 54 ஆண்டுகள் ஆயின.